இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவரால் உண்மையான ஆராய்ச்சி செய்ய முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். மதுரையில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆசை, 'சுலபமாக முடிகிற மாதிரி நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சீனியர் ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார், அது தப்பா, பி.ஜி. (மேற்படிப்பு) சீட்டுக்கு உதவுமா என்றும் கடைசியில் இரண்டு வரி. தலைப்பு கேட்பது போல இருந்தாலும், நடுவில் நீங்கள் எழுதியிருக்கிற அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: ஆய்வகம் இல்லை, கையில் காசு இல்லை, ஆங்கிலம் தடுமாறுகிறது, இப்படி இருக்கிற பத்தொன்பது வயசுப் பையன் செய்வது ஆராய்ச்சியாகுமா, இல்லை சான்றிதழுக்காகச் செய்கிற வேலைதானா? அதற்கே பதில் சொல்கிறேன். தலைப்பு அதிலிருந்து தானாக வரும்.

நான் சமூக மருத்துவத் துறையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு செல்லம்பட்டி, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஊர்களுக்குப் போய்வருவதுதான் என் வேலையில் பாதி. எஸ்.டி.எஸ். மாணவர்களுக்குக் கைடாக இருந்திருக்கிறேன், ஆய்வுகள் நெறிப்படி நடக்கின்றனவா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் எதிக்ஸ் கமிட்டியிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வீடு வீடாகப் போவது, வெளிநோயாளிப் பிரிவான ஓ.பி.யில் உட்கார்ந்து நோயாளிகளிடம் கேட்பது, பதிவேடுகளைப் புரட்டுவது மாதிரியான ஆய்வுகளைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். மரபணு, செல் வளர்ப்பு, எலிகளை வைத்துச் செய்யும் சோதனை இதெல்லாம் என் வயல் கிடையாது. அதில் ஆர்வம் இருந்தால் உங்கள் கல்லூரி உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆசிரியர்களையோ, காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறையில் இருப்பவர்களையோ கேளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.டி.எஸ். 1979-இல் ஆரம்பித்த திட்டம். இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சியில் ருசி ஏற்பட வேண்டும் என்பதற்காகவே கொண்டுவந்தார்கள். ஆய்வுக் காலம் இரண்டு மாதம். உங்கள் கல்லூரியில் பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் கைடாக இருக்க வேண்டும், எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்க வேண்டும், முடித்ததும் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையை அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் சான்றிதழும் உதவித்தொகையும். தேதிகளும் சில விதிகளும் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, அதனால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைக் கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். அப்புறம் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு. அங்கே தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை, கட்டுரைக்கென்று அரை மதிப்பெண்கூடச் சேராது. வெளிநாட்டில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது ஆராய்ச்சி அனுபவத்தை எழுத இடம் உண்டு, அதைப் பார்க்கவும் செய்வார்கள், ஆனால் எவ்வளவு எடை கொடுப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அதை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம்.

மாணவன் செய்வது ஆராய்ச்சியாகுமா என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற திட்டுகளை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள். பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றைப் பார்த்து எழுதியது 1869-இல், பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது, பட்டத்துக்கான ஆய்வேட்டில். அவை என்ன வேலை செய்கின்றன என்று அவருக்குத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கதையும் 1916-இல் ஜே மெக்லீன் என்ற இரண்டாம் ஆண்டு மாணவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனால் இவற்றைவிட நான் வகுப்பில் அடிக்கடி சொல்வது நம்ம ஊர் உதாரணம்.

அறுப்புக் காலத்தில் நெற்கதிரோ வைக்கோலோ கண்ணில் அடித்துவிட்டது என்று வருகிறவர்களை நீங்கள் இனிமேல் நிறையப் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண் விழும். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதம், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படிக் கருவிழிப் புண்ணோடு வந்த எல்லோரையும் ஒருவர் விடாமல் பதிவு செய்தார்கள். மொத்தம் 434 பேர். ஒவ்வொருவரிடமும் என்ன வேலை செய்கிறீர்கள், கண்ணில் என்ன பட்டது என்று கேட்டார்கள், புண்ணிலிருந்து சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விவசாய வேலை செய்கிறவர்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் முன்னால் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியா மட்டும் இருந்தது 47 சதவீதம், பூஞ்சை மட்டும் இருந்தது கிட்டத்தட்ட அதே 47 சதவீதம். இந்த முடிவு 1997-இல் வெளிவந்தது. மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் கருவிழிப் புண் என்றால் முதலில் பாக்டீரியாதான், பூஞ்சை எங்கோ ஓரத்தில் வரும். நம்ம ஊரில் வெறும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிப்பேருக்குத் தப்பான வைத்தியம் செய்கிறோம் என்று அந்த எண்ணிக்கை சொன்னது. அந்த வழியிலேயே போய்ப் பின்னால் பெரிய மருந்துச் சோதனைகள் நடந்தன, பூஞ்சைப் புண்ணுக்கு விலை அதிகமான வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டே மேல் என்று 2013-இல் வெளியான முடிவு உட்பட.

இதில் கிருமியை வளர்க்க ஆய்வகம் வேண்டும், அது உங்களால் ஆகாது, சரி. ஆனால் அந்த ஆய்வின் முதுகெலும்பு என்ன? கேள்வி ஒன்றுதான், இன்னாரைச் சேர்ப்போம் என்று முன்கூட்டியே வரையறுத்துவிட்டார்கள், அந்த மூன்று மாதத்தில் வந்த யாரையும் விடவில்லை, எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டார்கள். இது ஒவ்வொன்றும் உங்களால் முடியும்.

எனவே தலைப்பு தேடிக் கூகுளில் உட்காராதீர்கள். நீங்கள் இருக்கிற பெரியாஸ்பத்திரி மாதிரியான இடத்தில் சில நாள் காலை நேரத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஓ.பி. வரிசையில் ஓரமாக நின்று பாருங்கள். எதைப் பார்த்தால் 'இது ஏன் இப்படி?' என்று தோன்றுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மாணவி ஒருத்தி அப்படி நின்றபோது ஒரு பாட்டி இரண்டு மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனதைப் பார்த்தாள். எது காலையில், எது ராத்திரி என்று எப்படித் தெரியும் பாட்டி என்று கேட்டிருக்கிறாள். 'பெருசு காலைல, சிறுசு ராவுக்கு'. அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து பெரியதும் சிறியதும் மாறிவிட்டால்? அதுதான் அவள் ஆய்வாக ஆனது: எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகள் மாத்திரையை எந்த அடையாளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள். செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணமும் ஜெராக்ஸும்தான்.

இதே மாதிரி நிறைய இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்கு வந்த மாத்திரையை எத்தனை பேர் விடாமல் போடுகிறார்கள், விடுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள்? உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் இருட்டோடு பூ எடுக்கப் போகிறவர்களுக்குப் பூச்சிமருந்தால் தோலில், கண்ணில் என்ன தொந்தரவு? கொசுவில் ஆர்வம் என்றால் ஐ.சி.எம்.ஆரின் பூச்சியியல் மையம் நம்ம சின்ன சொக்கிகுளத்திலேயே பல வருடமாக வேலை செய்திருக்கிறது, மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வயல் கொசுக்களைப் பற்றி அங்கிருந்து வந்த கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். ஜல்லிக்கட்டுக் காயங்கள் பற்றி ஆய்வு செய்யலாமா என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். நல்ல தலைப்புதான், ஆனால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் தை முதல் மூன்று நாளில் முடிந்துவிடும். உங்களுக்குக் கிடைக்கிற இரண்டு மாதம் அப்போது வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வகையை மட்டும் வேண்டாம் என்பேன். கூட்டாளிகளுக்கு வாட்ஸப்பில் படிவம் அனுப்பி 'மருத்துவ மாணவர்களிடையே இன்னது பற்றிய அறிவு, மனப்பான்மை, நடைமுறை' என்று எழுதுவது. அது வேகமாக முடியும். யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து யாரைப் பார்த்து எழுதினார்கள், எதுவும் தெரியாது. கடைசியில் யாருக்கும் ஒரு பயனும் இருக்காது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பதில் மாணவர்கள் மிரண்டுபோகிறார்கள், மிரள வேண்டியதில்லை. ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கு உங்கள் புத்தகத்திலேயே இருக்கிற நாலு பி.கியூ. சூத்திரம் போதும் (பி என்பது அந்தச் சதவீதம், கியூ என்பது நூறில் மீதி). முன்பு யாரோ செய்த ஆய்வில் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்கள் 30 சதவீதம் என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 பெருக்கல் 30 பெருக்கல் 70, அது 8,400. உங்கள் விடையில் 5 சதவீதம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இருக்கலாம் என்றால் 5-இன் வர்க்கம் 25-ஆல் வகுக்க, 336 பேர். 7 வரை போனாலும் பரவாயில்லை என்றால் 49-ஆல் வகுக்க, 172 பேர். இரண்டே சதவீதம் விட்டுக்கொடுத்தால் வேலை பாதியாகிறது பாருங்கள். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 172 என்பது 192 ஆகும். இரண்டு மாதத்தில் வகுப்பு, இன்டர்னல் தேர்வு போக நாற்பது நாள் கிடைத்தால் தினம் ஐந்து பேர். ஒருவருக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் முடிகிற கணக்கு. இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு கைடு முன்னால் போய் நின்றால், அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

சம்மதப் படிவம் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலப் படிவத்தை எடுத்துத் தமிழாக்கி 'யாதொரு நிர்ப்பந்தமுமின்றி மேற்படி ஆய்வில் பங்கேற்க இதன்மூலம் முழுமனதுடன் சம்மதம் அளிக்கிறேன்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். செல்லம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, 'எந்தப் பத்திரத்துல கைநாட்டு வைக்கச் சொல்றீங்க தம்பி?' என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் பயம் நியாயமான பயம். கைநாட்டு வைத்து நிலத்தைப் பறிகொடுத்தவர்களை அவர் பார்த்திருப்பார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதினோம். 'நாங்கள் படிக்கிற பிள்ளைகள். மாத்திரை போடுவது பற்றிச் சில கேள்வி கேட்போம், இருபது நிமிடம் ஆகும். உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் உங்களுக்கு வருகிற மாத்திரை நிற்காது. பாதியில் போதும் என்றாலும் விட்டுவிடுவோம்.' படிவத்தில் இருக்க வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. மாற்றி எழுதியதை மறுபடியும் கமிட்டிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அந்த ஊருக்குத் திரும்பப் போனோம், அதையும் மறக்காதீர்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், உங்கள் குழுவில் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருந்து கையெழுத்துப் போட வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் இதெல்லாம் விளக்கமாக இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். ஓ.பி.யில் கேட்பதாக இருந்தால் இன்னொன்று: நோயாளி மாத்திரை வாங்கிய பிறகு கேளுங்கள், வாங்குவதற்கு முன் கேட்காதீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வரிசையில் வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நம்ம ஜனங்களுக்கு வாய் வராது. அது சம்மதம் ஆகாது.

கமிட்டி அனுமதி கையில் வருவதற்கு முன்னால் ஒரே ஒருவரிடம்கூடத் தகவல் சேகரிக்கக் கூடாது, பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவது உட்பட. பழைய பதிவேட்டுக்குத் தனித்தனிச் சம்மதம் தேவையில்லை என்று விலக்குக் கொடுக்கலாம், ஆனால் கொடுப்பது கமிட்டி. நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. மருந்தோ வேறு சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கிற ஆய்வுப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். மருந்துச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009-இலிருந்து கட்டாயம், பொறுப்பும் பெரியது, இரண்டு மாதத்தில் ஆகிற காரியமும் இல்லை.

களத்தில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 'உங்களுக்குப் பிரஷர் இருக்கா?' என்று கேட்போம். 'இல்லை' என்பார்கள். திண்ணையில் மாத்திரை அட்டை கிடக்கும். இது என்ன என்றால், 'அதான் மாத்திரை போடுறேனே, இப்ப இல்லை'. அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. 'பிரஷர் இருக்கிறது என்று டாக்டரோ நர்ஸோ எப்போதாவது சொன்னார்களா? இப்போது அதற்கு மாத்திரை எடுக்கிறீர்களா?' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் சரியாக வரும். அதனால்தான் படிவத்தை இறுதி செய்வதற்கு முன் பத்து பேரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்கிறோம். அப்புறம் நேரம். காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனால் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போனவர்கள் போக, முடியாதவர்களும் வயதானவர்களும்தான் வீட்டில் இருப்பார்கள். அவர்களை மட்டும் எண்ணிவிட்டு 'இந்த ஊரில் இத்தனை சதவீதம்' என்று எழுதினால் அது அந்த ஊரின் கணக்கு ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், பூட்டிய வீட்டுக்கு இன்னும் இரண்டு தடவை போங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், அவர் கூட வந்தால் கதவு திறக்கும்.

இனி சொல்லப்போவது எனக்கே வலிக்கிற விஷயம். சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் 210 பேரின் ரத்த அழுத்தத்தைக் கொண்டுவந்தான். கையால் பார்க்கிற கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கும், அதனால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும், அதாவது ஒவ்வொன்றும் நாற்பது சொச்சம். நான் பென்சிலை வைத்து எண்ணினேன். 0-வில் முடிந்தது மட்டும் 150-க்கு மேல். இது அவசரத்தில் முழு எண்ணாக எழுதும் பழக்கமாகவும் இருக்கலாம், அது பொதுவாக நடப்பதுதான். ஆனால் அடுத்த பக்கத்தில் 120/80, 130/80, 140/90 என்று அதே மூன்று ஜோடி மாறி மாறி வந்தது, எழுபது பேரின் படிவம் ஒரே பேனாவில் ஒரே மாதிரி சாய்ந்த எழுத்தில் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்தான். ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் நிரப்பியது. கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: மூன்று சாயங்காலம் அந்த ஊருக்கு டவுன் பஸ் பிடித்துப் போயிருக்கிறான், ஊர்த் திருவிழா, ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, கடைசி நாள் நெருங்கிவிட்டது, என்னிடம் சொல்லப் பயம். அந்த ஆய்வை நிறுத்தினோம், அறிக்கை அனுப்பவில்லை. அவனிடம் இடையில் ஒரு தடவை 'எப்படிப் போகிறது?' என்று நான் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது: 192 பேர் என்று எழுதிவிட்டு 92 பேர்தான் முடிந்தது என்றால் 92 என்றே எழுதுங்கள். ஏன் மீதிப்பேர் கிடைக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். விடை கொஞ்சம் அகலமான வரம்போடு வரும், அறிக்கை ஏற்கப்படாமலும் போகலாம், அதை என்னால் மறுக்க முடியாது. ஆனாலும் அந்த 92 பேர் நிஜமானவர்கள்.

சீனியருக்கு எட்டாயிரம் கொடுப்பது பற்றி. வேண்டாம். இது மரியாதைக்குச் சொல்கிற 'வேண்டாம்' இல்லை. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிப்படி ஒருவர் ஆசிரியராக இருக்க நான்கும் வேண்டும்: ஆய்வைத் திட்டமிட்டதிலோ தகவல் திரட்டியதிலோ அலசியதிலோ உண்மையான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, வெளியாகப் போகும் வடிவத்துக்கு ஒப்புதல், பின்னால் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு. காசு கொடுத்தவருக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டுரையில் நாளைக்குப் பொய்த் தரவு என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டால், நீங்கள் பார்க்காத நோயாளிகளுக்காக உங்கள் பெயரும் இணையத்தில் நிற்கும், பல வருடம் கழித்து யாராவது தேடினாலும் வரும். 'ஏழே நாளில் வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களும் இதே ரகம்தான். ஓர் இதழ் நம்பகமானதா என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் கல்லூரி நூலகரிடமும் கைடிடமும் காட்டிவிட்டு அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கும் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்படுகிறது, அந்த நெருக்கடியில் சிலர் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு. அதனால் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே கைடிடம் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தவறாக நினைக்க மாட்டார்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்ல மாட்டேன், விண்ணப்பமும் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் முதலில் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள்: என்ன கேள்வி, யாரிடம், எங்கே, எப்படி, எத்தனை பேர். தமிழில் தெளிவாக இருந்தால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றிவிடலாம். கணினிச் செயலியிடம் கொடுத்து மொழியைத் திருத்திக்கொள்கிறீர்கள் என்றால் அதைக் கைடிடம் சொல்லிவிடுங்கள், மேற்கோள் கட்டுரைகளை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பது போலவே எழுதித் தந்துவிடும், நானே இரண்டு அறிக்கைகளில் பிடித்திருக்கிறேன். மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் தேடி, சுருக்கத்தையாவது நீங்கள் கண்ணால் படித்த கட்டுரையை மட்டும் குறிப்பிடுங்கள். முறைப்படி கற்றுக்கொள்ள, சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் இணையத்தில் இருக்கிறது. பி.ஜி. மாணவர்களுக்கு அது கட்டாயம், நீங்கள் இப்போதே கேட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. தகவலை அலச இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஓர் ஆய்வுக்கு அவையே போதும்.

இனி எனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்று. இளநிலையில் ஆராய்ச்சி செய்தவர் பின்னால் நல்ல மருத்துவர் ஆகிறாரா என்று கேட்டால், ஆவார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆர்வம் உள்ளவர்கள்தான் ஆராய்ச்சிக்கே வருகிறார்கள், ஆராய்ச்சியால் அவர்கள் மாறினார்களா, முதலிலேயே அப்படித்தான் இருந்தார்களா என்று பிரிப்பது கஷ்டம். என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லலாம். மாத்திரைப் பொட்டலம் பற்றி ஆய்வு செய்த அந்தப் பெண் இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். போன மாதம் அங்கே போயிருந்தேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில் ராத்திரி மாத்திரைக்கு நிலா படம் போட்ட உறையும் காலை மாத்திரைக்குச் சூரியன் போட்ட உறையும் வைத்திருக்கிறாள். ஒரு தாத்தா வாங்கிக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிலா உறையை மட்டும் இடுப்பு வேட்டியில் தனியாகச் செருகிக்கொண்டு போனார்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓ.பி.யில் நான்கு நாள் காலையில் நில்லுங்கள், தோன்றிய கேள்விகளைப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றை 'யாரிடம், எதை, எங்கே' என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதிக்கொண்டு உங்கள் சமூக மருத்துவ ஆசிரியரிடம் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் அவருக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த வாக்கியத்தை இங்கேயும் போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன். சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவையும் சேர்த்துப் போடுங்கள்.